நினைவு மாசு

எங்கள் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்குவதற்கு ஒளிச்சேர்க்கை ஞாபகமிருக்க வேண்டும். வணிகவியல் பட்டமானாலும் சரி, தமிழ்ப் பட்டமானாலும் சரி. தேர்வெல்லாம் எழுதித் தேறிய பின் சான்றிதழ் அச்சாகி ஒரு கண்ணாடி அலமாரியில் கிடக்கும். பள்ளியில் படித்த அறிவியல் நமக்கு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்து பார்த்த பிறகுதான் அலமாரியைத் திறப்பார்கள்.

முன்பு இந்த வழக்கம் கிடையாது. போன பட்டமளிப்பு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர், பதக்கம் வாங்க மேடையேறிய மாணவரிடம் மே மாதத்தில் ஏன் இத்தனை வெயில் என்று கேட்டார். மாணவர், கத்திரி சார் என்றார். அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். விருந்தினர் சிரித்துவிட்டு மறந்துவிட்டார். துணைவேந்தர் மறக்கவில்லை. பாகூருக்கு வெளியே கரும்பு வயல்களுக்கு நடுவே பள்ளி அறிவியல் நினைவு அளவீட்டு மையம் எழும்பியது.

எனக்கு என் சான்றிதழ் நவம்பர் பன்னிரண்டாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் வேண்டும். என் மனைவி மகாலட்சுமி ஓர் அரசுத் துறையில் எழுத்தராக இருந்தாள். துறையின் பெயர் வேண்டாம். போன நவம்பர் பன்னிரண்டாம் தேதி டெங்குக் காய்ச்சலில் இறந்தாள். பணியிலிருக்கும்போது இறந்தவரின் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை தருவார்கள். கருணைக்கு ஓராண்டு கெடு. விண்ணப்பத்தோடு பட்டச் சான்றிதழும் போய்ச் சேர வேண்டும். பாதியில் விட்டிருந்த பி.காம். படிப்பின் கடைசி இரண்டு தாள்களை ஏப்ரலில் எழுதித் தேறினேன்.

எங்கள் மகள் யாமினிக்கு மூன்று வயது. நான் ஒரு கம்பெனியில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் போகிறவன். அதனால் அவள் மண்ணாடிப்பட்டில் மகாலட்சுமியின் அக்கா மஞ்சுளா வீட்டில் இருக்கிறாள். பத்து மணிக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்பும் வேலை கிடைத்தால் அவளை நான் இருக்கும் பாகூருக்கு அழைத்து வந்துவிடலாம். போன மாதம் பார்க்கப் போனபோது, ‘சித்தப்பா வந்துருக்காங்க’ என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

மையத்தின் திறப்பு விழாவுக்குப் பட்டம் வாங்க வேண்டிய எல்லோரும் வந்தாக வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. போனேன். குத்துவிளக்குக்குப் பதிலாக ஆய்வகத்தில் காஸால் எரியும் ஐந்து பன்சன் விளக்குகளை மேசையில் வரிசையாக வைத்து மாலை போட்டிருந்தார்கள். துணைவேந்தர் தீக்குச்சியோடு குனிந்தார். எரியவில்லை. காஸ் இணைப்புக்கான கோப்பு இன்னும் திரும்பி வரவில்லை என்று பின்னால் யாரோ சொன்னார்கள். பிறகு ஒவ்வொரு விளக்கின் வாயிலும் ஒரு கற்பூரக் கட்டியை வைத்து ஏற்றினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மையத்தின் இயக்குநர் பேராசிரியர் சௌந்தரராஜன் பொது நிர்வாகம் படித்தவர். அவர் பேசினார்.

“எனக்கு அறிவியல் தெரியாது. இதை நான் பெருமையோடு சொல்கிறேன். தெரிந்தவர் அளந்தால் சாய்வு வரும். இந்தியாவிலேயே அறிவியலை முழு நடுநிலையோடு அளக்கும் ஒரே மையம் இதுவாகத்தான் இருக்கும். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் உங்கள் அறிவைச் சோதிக்கவில்லை. அது எங்கள் வேலை அல்ல. உங்கள் நினைவைச் சோதிக்கிறோம். ஆகவே யாரும் இந்தத் தேர்வுக்குப் படிக்கக் கூடாது. படித்து எழுதுவது முறைகேடு.”

கூட்டத்தில் ஒருவர் கையைத் தூக்கி, படிக்காமல் எப்படித் தேறுவது என்று கேட்டார். அவருடைய பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டார்கள்.

பதிவு செய்யும் மேசையில் இளவரசி என்ற அலுவலர் இருந்தார். நல்ல மாதிரி. முதலில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தந்தார். பள்ளியை விட்ட நாள்முதல் அறிவியல் நூல் எதையும் தொடவில்லை என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி வக்கீலிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். இரண்டாவதாக ஒரு கட்டுப் படிவங்கள். ‘படிவம் நான்கு, நினைவின் மூல ஆதாரம்’. எனக்கு ஞாபகமிருக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று நிரப்ப வேண்டும். மேலே பாடம், அதன்கீழ் நான்கு கேள்விகள். கற்பித்தவர் பெயர். கற்பித்த வகுப்பும் இடமும். அவர் உயிருடன் உள்ளாரா, இல்லையெனில் இறப்புச் சான்றிதழின் நகல். அழைத்தால் நேரில் வர இயலுமா.

எனக்கு ஒன்பதாம் வகுப்பு அறிவியல் எடுத்த குழந்தைவேல் சார் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதைச் சொன்னேன்.

“அப்ப டெத் சர்ட்டிபிகேட் வாங்கினு வாப்பா” என்றார் இளவரசி. “நாலாவது காலமும் ரொப்பணும். செத்துட்டாருன்னு காலியா வுட்றாத. போன வாரம் ஒருத்தன் வுட்டுட்டான், இன்னா திமிருன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

இறப்புச் சான்றிதழ் வாங்குவது எனக்குப் பழகிய வேலை. எந்த ஜன்னல், எத்தனை மணிக்குப் போனால் கூட்டமிராது என்று தெரியும். சாரின் மகன் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுத் தந்தார். இரண்டே நாளில் வாங்கிவிட்டேன். ஜன்னலில் இருந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, மறுபடியுமா என்றார்.

முதல் சுற்றுத் தேர்வு முடிந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. முப்பத்தைந்துக்குக் கீழே எடுத்தவர்கள் மறந்தவர்கள், தேறவில்லை. எண்பதுக்கு மேலே எடுத்தவர்கள் திருட்டுத்தனமாகப் படித்தவர்கள், விசாரணை. இயற்பியல், வேதியியல் மாணவர்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. அவர்கள் பள்ளிக்குப் பிறகும் விடாமல் படித்துக்கொண்டிருந்ததால் அவர்களிடம் நினைவென்று எதுவும் இல்லை, அறிவுதான் இருக்கிறது என்று மையம் அறிக்கை வெளியிட்டது.

இரண்டாம் சுற்றில் என் பெயர் வந்தது. அதற்குள் வில்லியனூர் மாட வீதியில் உரக் கடைக்கு மேல்மாடியில் அன்புராஜ் என்பவர் மறதி வகுப்பு தொடங்கியிருந்தார். அதற்கு முன் அதே மாடியில் இயற்பியல் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவர். கரும்பலகை அதேதான். ஐம்பத்தெட்டு மதிப்பெண் வாங்குவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். ஐம்பத்தெட்டில் சந்தேகம் வராது.

ஒவ்வொரு சரியான விடையையும் முதலில் ஒருமுறை தப்பாக எழுதி அடித்துவிட வேண்டும். அடித்தல் இருந்தால்தான் நினைவு. அடித்தல் இல்லாவிட்டால் படிப்பு. நியூட்டனின் மூன்று விதிகளில் இரண்டை எழுதிவிட்டு மூன்றாவதற்கு இடம் விட வேண்டும். கோள்கள் எத்தனை என்ற கேள்விக்கு அவர் தனி வகுப்பே எடுத்தார்.

“நீங்கல்லாம் அஞ்சாவது படிக்கசொல்ல ஒம்பதுன்னுதான் சொல்லிக் குடுத்துருப்பாங்க. ஒம்பதுன்னு எழுதுனாதான் மார்க்கு. எட்டுன்னு எழுதுனவன் நேத்து செல்போன்ல பாத்தவன். கரீட்டா எழுதி மாட்டிக்காதீங்கடா.”

நாங்கள் ஒன்பது என்று மூன்றுமுறை சேர்ந்து சொன்னோம்.

தேர்வு அக்டோபர் பத்தொன்பதாம் தேதி நடந்தது. வாசலில் பையைச் சோதித்தார்கள். ஒரு பெண்ணின் பையில் அவளுடைய தம்பியின் ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகம் இருந்தது. அதை வலைக்குள் போட்டு எடுத்துப் போனார்கள், பாம்பைப் போல.

கேள்விகள் எளிது. ஒளிச்சேர்க்கையை ஒருமுறை அடித்து எழுதினேன். ஒன்பது கோள்கள் எழுதினேன். மூன்றாம் விதிக்கு இடம் விட்டேன். ஐம்பத்தெட்டுக்குச் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. இருபத்துமூன்றாம் கேள்வி இரண்டு மதிப்பெண். இரத்தத் தட்டுகளின் பணி யாது?

இரத்தம் உறைவதற்கு உதவுகின்றன என்று எழுதினால் போதும். எழுதினேன். பேனா நிற்கவில்லை. இயல்பாக ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருக்கும் என்று எழுதினேன். முதல் நாள் எண்பத்து நான்காயிரம். இரண்டாம் நாள் நாற்பத்தோராயிரம். மூன்றாம் நாள் பத்தொன்பதாயிரம், அன்று ஈறில் இரத்தம் வரும். தட்டுகளைத் தனியே பிரித்து மஞ்சள் நிறப் பையில் தருவார்கள், அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது, அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆட்டோவில் வரும்போது மடியில் வைத்து அசைக்கலாம். நான்காம் நாள் பதினோராயிரம். விடைத்தாளில் ஒரு பக்கம் முழுக்கப் போய்விட்டது. ஓர் அடித்தல்கூட இல்லை.

முடிவு வந்தது. எங்கள் சுற்றில் எழுதிய நானூற்றுப் பன்னிரண்டு பேரில் நானூற்றுப் பதினோரு பேர் ஐம்பத்தெட்டு. மனித நினைவு எவ்வளவு சீரானது என்பதை உலகில் முதன்முறையாக நிறுவிவிட்டோம் என்று சௌந்தரராஜன் பேட்டி கொடுத்தார். என் பெயருக்கு நேரே விசாரணை என்று இருந்தது.

விசாரணைக் குழுவில் மூன்று நாற்காலிகள். நடுவில் சௌந்தரராஜன். அவருக்கு வலப்பக்கம் சுருக்கெழுத்து எடுக்க இளவரசி. இடப்பக்க நாற்காலியில் அறிவியல் நிபுணர் என்ற பெயர்ப்பலகை மட்டும் இருந்தது. நிபுணர் நியமனம் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

“பணி யாது என்றுதான் கேட்டோம்” என்றார் சௌந்தரராஜன். “இவ்வளவையும் எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்?”

“படிக்கல சார்.”

“எந்த ஆசிரியர் சொன்னார்?”

“ஆசிரியர் இல்ல சார். ஆஸ்பத்திரில காலைல ஒரு சீட்டுக் குடுப்பாங்க. அதுல இருந்துது.”

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அதிக நேரம் ஆகவில்லை. இளவரசி எழுதுவதை நிறுத்திவிட்டார். சௌந்தரராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இளவரசியிடம், குழு வருந்தியது என்று பதிவு செய்யச் சொன்னார். அவர் பதிவு செய்தார்.

“உங்கள் நிலைமை புரிகிறது. ஆனால் நீங்களும் எங்கள் நிலைமையைப் பார்க்க வேண்டும். பள்ளிக்குப் பின் அறிந்த ஒன்று உங்கள் பள்ளி நினைவுக்குள் புகுந்திருக்கிறது. இதற்கு நினைவு மாசு என்று பெயர். அந்தச் சொல்லை நான்தான் உருவாக்கினேன். மாசு நீங்கும்வரை உங்களை அளக்க முடியாது. பதினைந்து நாள் தருகிறேன். மறந்துவிட்டு வாருங்கள்.”

பதினைந்து நாளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். தயங்குகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“முடியாததில்லை தம்பி. என் தகப்பனார் காலமான மறுநாள் எனக்கு ஆட்சிக்குழுக் கூட்டம். போய் உட்கார்ந்தேன். நாற்பத்தேழு தீர்மானங்கள். மதியம் சாப்பிடும்போது ஒருவர் துக்கம் விசாரித்தார். யாருக்கு என்ன ஆயிற்று என்று நான் அவரையே கேட்டேன். நிறுவனத்துக்காக வாழ்ந்தால் எல்லாம் தானாக வரும்.”

இந்த ஓராண்டில் மறந்துவிடு என்று என்னிடம் சொல்லாதவர்கள் இல்லை. எழுத்து மூலமாகக் கேட்டது மையம் மட்டும்தான். கடிதத்தில் நாளும் குறித்திருந்தார்கள். நவம்பர் பன்னிரண்டு, காலை பத்து மணி.

ஆய்வகச் சீட்டுகள் நான்கும் என் பர்ஸில் இருந்தன. மண்ணாடிப்பட்டுக்கு எடுத்துப் போய் மஞ்சுளா அக்காவிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அரிசி டின்னுக்கு அடியில் வைத்தார். யாமினி தட்டில் இருந்த இட்லியை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான்குவரை தெரியும்.

“மறந்துட்டேன்னு சொல்லிட்டு வா தம்பி” என்றார் அக்கா. “சொல்றதுக்கு இன்னா. அவ ஒண்ணியும் நெனச்சிக்க மாட்டா.”

சீட்டு பர்ஸில் இல்லாவிட்டால் எண்கள் போய்விடும் என்று எதிர்பார்த்தேன். கம்பெனியில் பெட்டிகளை எண்ணும்போது பத்தொன்பது வந்தால் கை நின்றது. நாற்பத்தொன்றில் நின்றது. மேற்பார்வையாளர் இரண்டுமுறை எச்சரித்தார்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி மழை. பத்து மணிக்கு மையத்தில் இருந்தேன். பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.

“மூன்றாம் நாள் எண்ணிக்கை எவ்வளவு?” என்று கேட்டார் சௌந்தரராஜன்.

“ஞாபகமில்ல சார்.”

“நான்காம் நாள்?”

“ஞாபகமில்ல சார்.”

“தோராயமாக? ஆயிரக்கணக்கில் சொன்னால் போதும்.”

இளவரசி குனிந்து நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஞாபகமில்ல சார்.”

“மிக நன்று” என்றார் அவர். உண்மையாகவே மகிழ்ந்தார். எழுந்து வந்து கைகொடுத்தார். மையத்தின் செய்திமடலில் வெற்றிக் கதை என்று ஒரு பகுதி உண்டு, அதற்கு என்னோடு படம் எடுக்க வேண்டும் என்றார். புகைப்படக்காரர் அரியாங்குப்பத்திலிருந்து மழையில் வந்து சேர மணி ஒன்றரை ஆயிற்று. பன்சன் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். கற்பூரம் தீர்ந்துவிட்டதால் எரியாத விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அலமாரியைத் திறந்தார்கள். சான்றிதழோடு ஓர் இணைப்பையும் தைத்துக் கொடுத்தார்கள். இணைப்பில்லாமல் சான்றிதழ் செல்லாது. மையத்தின் முத்திரையின் கீழ் இப்படி இருந்தது: இவர் பள்ளிப் படிப்பை முடித்த பின் அறிந்த எதுவும் இவர் நினைவில் இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது.

மணி இரண்டரை. பாகூரிலிருந்து வில்லியனூருக்கு இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு அடித்து ஐந்து நிமிடம்.

மகாலட்சுமி வேலை பார்த்த அலுவலகம் அது. விண்ணப்பங்களை வாங்குபவர் சிங்காரவேலு, மூத்த எழுத்தர். அவருக்கு எதிர் நாற்காலியில்தான் அவள் ஆறு ஆண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருந்தது. அதன்மேல் கோப்புகளை அடுக்கியிருந்தார்கள்.

அவர் எல்லாத் தாள்களையும் சரிபார்த்தார். இணைப்பைப் படித்தார். மறுபடி படித்தார்.

“பள்ளிக்கூடம் எப்பப்பா முடிச்ச?”

“ரெண்டாயிரத்துப் பதிமூணு சார்.”

“கல்யாணம்?”

“பத்தொம்பது.”

அவர் தாளை மேசையில் வைத்து இரண்டு கையாலும் நீவினார்.

“அப்ப அவ யாருன்னு உனுக்குத் தெரியறதுக்கு வழியே இல்லியேப்பா. பள்ளிக்கூடத்துக்கு அப்பறம் ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு சீல் வெச்சுக் குடுத்துருக்கான். எனுக்குத் தெரியும், நீ யாரு, அவ யாரு. பத்திரிகை வெக்க ரெண்டு பேரும் வந்தீங்க. ஆனா பேப்பரு தெரியாதுங்குது. மேல போனா மொதல்ல இதத்தான் கேப்பாங்க.”

இணைப்பைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன். கிழித்தால் பட்டம் செல்லாது என்று அதிலேயே எழுதியிருப்பதைக் காட்டினார். மையத்தில் போய் மாற்றி வாங்கி வரட்டுமா என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபது. மழை வலுத்துப் பெய்துகொண்டிருந்தது. அவர் கோப்புகளை எடுத்துக் கீழே வைத்து, அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை என்று சொன்னேன். ஓராண்டில் முதன்முறையாக அதை ஒருவரிடம் சொல்கிறேன்.

அவர் என் கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், குழந்தைவேல் சாருக்கு நிரப்பிய படிவத்தின் நகலுக்குப் பின்னால், நிரப்பாத ‘படிவம் நான்கு’ ஒன்று மிஞ்சியிருந்தது.

“இது இன்னாது?”

சொன்னேன். யார் எதைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எழுதும் படிவம். பள்ளி அறிவுக்கு ஆதாரம்.

அவர் நான்கு கேள்விகளையும் விரலை வைத்துப் படித்தார். பிறகு இருபத்தெட்டு ஆண்டு அனுபவத்தோடு பேசினார்.

“இதுல அவ பேர எழுதிட்டா, அவ உனுக்குச் சொல்லிக் குடுத்தவ ஆயிடறா. சொல்லிக் குடுத்தவ இருந்தா அது பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துல கத்துக்கினது உனுக்கு மறக்கலன்னு அவங்களே சான்று குடுத்துருக்காங்க. மறக்கலன்னா அவ உன் பொண்டாட்டி. சரியா போச்சா? ரொப்புப்பா, சீக்கிரம்.”

அறிவியல் படித்த யாரும் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தேன். பேனாவை அவரே கொடுத்தார்.

நினைவிலிருக்கும் பாடம்: இரத்தத் தட்டுகள். எண்பத்து நான்காயிரம், நாற்பத்தோராயிரம், பத்தொன்பதாயிரம், பதினோராயிரம். வேகமாக வந்தன.

கற்பித்தவர் பெயர்: மகாலட்சுமி.

கற்பித்த வகுப்பும் இடமும்: பெண்கள் வார்டு, மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்.

உயிருடன் உள்ளாரா: இல்லை. சான்றிதழின் நகல் கோப்பில் ஏற்கெனவே இருந்தது. அதைப் பின்னால் சேர்த்தேன்.

நாலாவது கேள்வியில் நின்றுவிட்டேன். குழந்தைவேல் சாருக்கு நிரப்பியபோது இதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

சிங்காரவேலு மேசைமேல் முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மணி நாலு ஐம்பது.

“அதையும் எழுதிடு தம்பி” என்றார். “காலியா வுட்டா திருப்பி அனுப்பிடுவானுங்க.”

அழைத்தால் நேரில் வர இயலுமா.

இயலாது என்று எழுதினேன். அடித்தல் இல்லாமல் வந்தது. அவர் தாளை வாங்கி, ஈரம் காய ஊதி, முத்திரை குத்தினார். மை சரியாகப் பதியவில்லை. இன்னொரு முறை குத்தினார்.